மூலமும் உரையும்: சிரெபோன் அரண்மனையின் சிங்க பாரோங்

ஜாவாத் தீவின் வடகரையில் சிரெபோன் என்றொரு துறைமுக நகரம் உண்டு. அத்தீவில் இஸ்லாத்தைப் பரப்பிய வலிமார் ஒன்பதின்மருள் ஒருவரான சுனன் குனுங் ஜாத்தி அவர்கள் அடங்கியிருப்பது அந்நகரின் அருகேதான். அவர்கள் வழிவந்த சுல்தான்கள் அரசு செலுத்தியதும் அங்கேதான். அந்நகரின் கசெபுகான் அரண்மனையில் மரத்தால் செதுக்கிய விலங்கொன்று நிற்கிறது. 'சிங்க பாரோங்' என்பது அதன் பெயர். அதற்குத் துதிக்கை உண்டு. முகமோ நாகத்தின் முகம். விலாப்புறத்தில் சிறகுகள் உண்டு. பெயரிலோ சிங்கம் இருக்கிறது. உயர்த்திய துதிக்கை சூலம் போன்ற படையொன்றைப் பற்றியிருக்கிறது. இத்தனையும் கொண்ட அது ஒரு வண்டி. சுல்தான் ஏறி ஊர்வலம் சென்ற அரச வண்டி.

அதனை 1549ஆம் ஆண்டில் செய்ததாக அரண்மனை மரபு கூறுகிறது. வடிவம் வகுத்தவர் சுனன் குனுங் ஜாத்தியின் வழித்தோன்றலாகிய பனெம்பஹான் லோசாரி என்றும், உளியெடுத்துச் செதுக்கியவர் கலிவுலு என்னும் ஊரைச் சேர்ந்த கி நோத்தகுனா என்றும் அம்மரபு பெயர் சுட்டுகிறது. ஒரு மரவேலைக்கு வகுத்தவர் பெயரோடு செதுக்கியவர் பெயரையும் சேர்த்து நினைவில் வைத்திருக்கும் பண்பு போற்றத்தக்கது. நம் நாட்டில் எத்தனையோ அரிய மரவேலைகளுக்குச் செய்தவர் பெயர் கிடைப்பதில்லை.

அரபுக் கல்வி பயின்றவர்கள் 'மத்ன்', 'ஷரஹ்' என்னும் இரு சொற்களை நன்கு அறிவார்கள். மத்ன் என்பது மூலம். ஷரஹ் என்பது உரை. தமிழ் மரபிலும் மூலம், உரை என்னும் பாகுபாடு பழமையானதே. நல்ல உரை மூலத்துக்கு விளக்கேற்றும். பொருந்தா உரை மூலத்தின்மீது போர்வையை இழுத்து மூடும். படிப்பவன் உரையை மனப்பாடம் செய்துகொண்டு, மூலத்தைப் படித்துவிட்டதாக எண்ணிக்கொள்வான். சிங்க பாரோங்குக்கு நேர்ந்திருப்பது இதுவே என்பது நமது துணிபு. அதற்கு இரண்டு உரைகள் வழங்குகின்றன. ஒன்று புகழும் உரை. மற்றொன்று இகழும் உரை. இரண்டும் மூலத்தைப் போதிய அளவு பார்க்கவில்லை. இரண்டையும் ஒவ்வொன்றாக நோக்குவோம்.

புகழும் உரை

அரண்மனைக்கு வருவோர்க்குச் சொல்லப்படும் விளக்கம் இது: துதிக்கை இந்தியாவையும் இந்து சமயத்தையும் குறிக்கும், நாக முகம் சீனத்தையும் பௌத்தத்தையும் குறிக்கும், உடலும் சிறகும் புராக்கை நினைவூட்டி எகிப்தையும் இஸ்லாத்தையும் குறிக்கும். மூன்று நாடுகளின் நட்பும் மூன்று சமயங்களின் இணக்கமும் ஓருருவில் கூடியுள்ளன. துதிக்கை பற்றியுள்ள முத்தலைப் படை மனிதனின் எண்ணம், உணர்வு, விருப்பம் ஆகிய மூன்றன் குறி.

கேட்பதற்கு இனிய உரைதான். பல இனத்தாரும் பல சமயத்தாரும் கூடி வாழும் ஒரு நாட்டுக்கு இத்தகைய உரை வேண்டியிருக்கிறது என்பதும் நமக்கு விளங்குகிறது. ஊரின் வரலாறும் அதற்கு இடங்கொடுக்கிறது. சிரெபோன் என்னும் பெயரே 'கலப்பு' என்னும் பொருளுடைய 'சாருபான்' என்பதன் திரிபு என்று ஒரு சாரார் கூறுவர். சுனன் குனுங் ஜாத்தி அவர்கள் ஓங் தியேன் என்னும் சீனப் பெண்மணியை மணந்தார்கள் என்பது அவ்வூர் வழக்கு. அரண்மனைச் சுவர்களில் சீனப் பீங்கான் தட்டுகள் பதிக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். ஆயினும் நல்லெண்ணம் வேறு, நல்லுரை வேறு. உரையை மூலத்தோடு உரசிப் பார்ப்பதே திறனாய்வாளன் கடன்.

முதலில் துதிக்கையை எடுத்துக்கொள்வோம். சிங்க உடலில் யானைத் துதிக்கை என்றவுடன் தமிழ் வாசகர்களுக்கு நினைவு வருவது யாளி. கோயில் மண்டபத் தூண்களில் கல்லிலும், தேர்களில் மரத்திலும் அதனைக் கண்டிருக்கிறோம். யாளியின் துதிக்கை எந்தச் சமயத்துக்கு உரியது, பிடரி எந்தச் சமயத்துக்கு உரியது என்று எவரும் பங்கு பிரித்ததில்லை; அது ஒரே விலங்கு. ஜாவாவிலும் இஸ்லாம் வருமுன்னரே யானைமுகக் கடவுளின் கற்சிலைகள் பல நூற்றாண்டுகளாக இருந்தன. ஆகவே 1549இல் வாழ்ந்த ஒரு ஜாவானியத் தச்சருக்குத் துதிக்கை என்பது இந்தியாவிலிருந்து நட்புக்காக வந்து சேர்ந்த அன்பளிப்பாகத் தோன்றியிருக்க முடியாது. அது அவர் பாட்டன் கையிலிருந்து தந்தை கைக்கும், தந்தை கையிலிருந்து தம் கைக்கும் வந்த சொத்து.

அடுத்தது நாகம். அந்தச் சொல்லே நமக்கு அயலன்று. கிழக்கு ஜாவாவில் பெனத்தாரான் கோயில் வளாகத்தில் நாகங்கள் சூழச் செதுக்கிய கட்டடம் ஒன்று உண்டு. அது மஜபாஹித் அரசு விளங்கிய நாளில் எழுந்தது. சிங்க பாரோங்கின் முகச்சாயலில் சீனத்து வேலைப்பாட்டின் தாக்கம் இருப்பதை மறுக்க வேண்டியதில்லை. துறைமுகத்தில் பட்டும் பீங்கானும் இறங்கிக்கொண்டேயிருந்தால் தச்சன் கண்ணில் அவை படாமல் போகுமா? ஆனால் சீனரின் நாகத்தைப் பௌத்தத்தின் அடையாளமாக்குவது பொருந்தாது. சீனர் மரபில் அது மழைக்கும் ஆற்றுக்கும் பேரரசருக்கும் உரியதாக நெடுங்காலம் விளங்கியது. சமய முத்திரையை அதன் நெற்றியில் ஒட்டியவர் பிற்கால உரைகாரரே.

மூன்றாவது சிறகு. நம் சமயத்தைத் தொட்டு வருவதால் இதில் நாம் சற்று நின்று பேச வேண்டும். இறைமறையின் 17ஆம் அத்தியாயம் இரவுப் பயணத்தைக் கூறுகிறது. ஊர்தியின் பெயரைக் கூறவில்லை. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களின் அறிவிப்புகளில் புராக் வருகிறது: வெண்ணிறமானது, கழுதையினும் பெரிது, கோவேறு கழுதையினும் சிறிது, பார்வை எட்டும் தொலைவில் அடிவைப்பது. அவற்றில் சிறகு பேசப்படவில்லை. இப்னு ஹிஷாம் அவர்களின் சீறாவில்தான் தொடைப்பகுதியில் இரு சிறகுகள் என்னும் குறிப்பைக் காண்கிறோம். பெண்முகமும் மயில்தோகையும் பின்னாளில் பாரசீக, இந்திய ஓவியர்கள் ஏற்றியவை. சிங்க பாரோங்கில் மனித முகமும் இல்லை, மயில்தோகையும் இல்லை. சிறகு ஒன்றை மட்டும் சான்றாக வைத்து அதனைப் புராக் என்பதானால், கருடனுக்கும் சிறகுண்டே என்று ஒருவர் கேட்டால் என்ன விடை சொல்வது? ஜாவாவின் செந்தாங் துவூர் என்னும் ஊரில் ஓர் இறைநேசரின் அடக்கத்தலத்து வாயிலே இருபுறமும் விரிந்த சிறகுகளோடு கட்டப்பட்டிருக்கிறது. சிறகு அந்நாட்டுக் கலையின் பொதுச்சொல். ஒரு சமயத்தின் தனிச்சொல்லன்று.

ஆகப் புகழும் உரை ஒரு கூட்டல் கணக்கு. உறுப்புக்கு ஒரு சமயம் என்று பங்கிட்டுக் கடைசியில் கூட்டி விடை எழுதுகிறது. மூலமாகிய மரவிலங்கோ கூட்டல் கணக்காக நிற்கவில்லை. தமிழ் இலக்கணம் பயின்றோர் புணர்ச்சி விதிகளை இங்கே நினைத்துப் பார்க்கலாம். இரு சொற்கள் சேரும்போது ஓரிடத்தில் புதிய எழுத்துத் தோன்றும்; ஓரிடத்தில் உள்ளது திரியும்; ஓரிடத்தில் கெடும். இவ்விலங்கிலும் அவ்வாறே. யானையின் தலை கெட்டது, துதிக்கை நின்றது. நாகத்தின் மூக்கு துதிக்கையாகத் திரிந்தது. இரண்டுக்குமில்லாத சிறகு தோன்றியது. உறுப்புகளுக்கிடையே சிரெபோன் வேலைப்பாட்டுக்கே உரிய மேகச் சுருளும் பாறைச் சுருளும் படர்ந்து, பொருத்துவாய் எங்கே என்று கண்ணைத் தேடவைக்கின்றன. தச்சரின் புலமை அந்தப் பொருத்துவாயில் இருக்கிறது. உரைகாரர் உறுப்புகளை எண்ணினார். தச்சர் பொருத்துவாய்களை மறைத்தார். இருவர் வேலையும் ஒன்றுக்கொன்று எதிரானது.

அதே நகரின் கனோமான் அரண்மனையில் இதற்கு உடன்பிறப்புப் போன்ற இன்னொரு வண்டி உண்டு. 'பக்சி நாக லிமான்' என்பது அதன் பெயர். பக்சி நம் பட்சி, நாகம் நாகமே, லிமான் என்பது யானை. பழைய ஜாவானிய மொழியில் 'லிமா' என்றால் கை. கையுடைய விலங்கு ஆதலால் யானை லிமான் ஆயிற்று. நம் பழந்தமிழ்ப் புலவர்கள் யானையைக் 'கைம்மா' என்றதும் இதே காரணம்பற்றி அன்றோ? கடலின் இருகரையிலும் மக்கள் யானையைப் பார்த்த பார்வை ஒன்றாக இருந்திருக்கிறது. இதனைச் சமயத் தூதென்று சொல்வதைவிட, மக்களின் கண் ஒன்று என்று சொல்வதே மெய்க்கு நெருக்கம்.

இகழும் உரை

இனி இரண்டாவது உரை. 'உயிருள்ளவற்றின் உருவத்தைச் செய்வது மார்க்கத்தில் விலக்கப்பட்டது. முஸ்லிம் அரசர் ஒருவர் இப்படியொன்றைச் செய்வித்தது பழைய சமயத்தின் மிச்சம். அதைப் பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது?' என்பது அவ்வுரை. சொல்வோர் மார்க்கப் பற்றினால் சொல்கின்றனர். ஆகவே அதற்கு மார்க்க நூல்களைக் கொண்டே மறுமொழி கூற வேண்டும்.

ஜாவானியர்கள் நம் கடற்கரை ஊர்களைப் போல ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். இமாம் நவவீ அவர்கள் முஸ்லிம் நூலுக்கு எழுதிய விரிவுரையில் உயிருருவம் செய்வதை விலக்கப்பட்டதென்றே கூறுகின்றார்கள். உருவம் உள்ள பொருளைப் பயன்படுத்துவதை வேறாகப் பிரித்து, மிதிபடும் விரிப்பிலும் தலையணையிலும் இருப்பது விலக்கப்பட்டதாகாது என்கின்றார்கள். செய்வது வேறு, வைத்திருப்பது வேறு, மதிப்பளிப்பது வேறு என்று வகைப்படுத்திப் பேசுவதே நம் இமாம்களின் முறை. உலகில் இல்லாத விலங்கை, காட்டாகச் சிறகு முளைத்த மனிதனை அல்லது அலகுடைய மாட்டை உருவாக்கினால் என்ன என்னும் வினாவையும் ஷாஃபிஈ சட்ட அறிஞர்கள் விட்டுவைக்கவில்லை. அதுவும் விலக்கே என்பது அவர்கள் நூல்களில் காணும் முடிவு. கூடும் என்னும் ஒரு கருத்தின் சாயலும் அந்நூல்களில் தென்படுவதாக ஆய்ந்தோர் கூறுவர். ஆகவே சிங்க பாரோங் போன்ற ஒன்றை நம் நூல்கள் நினைத்துப் பார்க்கவே இல்லை என்பது தவறு. நினைத்தன, வாதித்தன, வகைப்படுத்தின.

இன்னொரு செய்தி அபூதாவூதில் உண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் போரொன்றிலிருந்து திரும்பியிருந்த நேரம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் திரையைக் காற்று விலக்க, உள்ளே விளையாட்டுப் பொம்மைகள் தெரிந்தன. அவற்றின் நடுவே துணியால் செய்த இரு சிறகுகளோடு ஒரு குதிரை. இது என்ன என்று நபியவர்கள் வினவினார்கள். குதிரை என்றார்கள் அன்னையவர்கள். குதிரைக்குச் சிறகா என்று மீண்டும் வினவினார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையவர்கள் மறுமொழி கூற, கடைவாய்ப் பற்கள் தெரியுமளவு நபியவர்கள் சிரித்தார்கள்.

இதனைக் கொண்டு சிலை செய்யலாம் என்று சட்டம் எடுக்க நாம் வரவில்லை. சிறுமியர் பொம்மைக்கு மட்டும் உரிய விலக்களிப்பு இது என்று அறிஞர் பலரும், பின்னர் மாற்றப்பட்டது என்று சிலரும் கூறியுள்ளனர். அது சட்டத்துறையில் முடிவு செய்ய வேண்டியது. நாம் சுட்ட விரும்புவது வேறு. சிறகுள்ள குதிரையைக் கண்டவுடன் அண்ணலார் முதலில் செய்தது வினவியது. இது என்ன என்று கேட்டார்கள், விடையைச் செவிமடுத்தார்கள். இகழும் உரை இந்த வினாவைக் கேட்கவே இல்லை. தீர்ப்பை முன்பே எழுதி வைத்துக்கொண்டு வருபவர்க்குப் பொருளைப் பார்க்க நேரமிருப்பதில்லை.

வினவியிருந்தால் அவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். ஜாவாவின் முஸ்லிம் கலைஞர்கள் இச்சிக்கலை அறியாதவர்களல்லர். ஜெப்பாரா அருகே மந்திங்கான் என்னும் ஊரின் பள்ளிவாசல் 1559இல் எழுந்தது. சிங்க பாரோங்குக்குப் பத்தே ஆண்டுகள் பிந்தியது. அங்குள்ள கற்பலகைகளில் தூரத்திலிருந்து யானை போலத் தோன்றும் உருவம், அருகே சென்றால் இலையும் கொடியுமாகக் கலைந்துவிடும். உயிருருவத்தைத் தவிர்த்து மரம் செடிகளைத் தீட்டுக என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் ஒரு கைவினைஞருக்குக் கூறிய அறிவுரை புகாரியில் உண்டு. மந்திங்கான் சிற்பியின் உளி அவ்வறிவுரையைத் தாய்நாட்டுக் கலையோடு இசைவித்திருக்கிறது.

சிரெபோன் அரசவையே இன்னொரு வழியும் கண்டது. 'மாச்சான் அலி', அதாவது அலியின் வேங்கை என்று வழங்கும் உருவம் அந்நகரின் கொடியிலும் மரப்பலகைகளிலும் காணப்படுவது. அவ்விலங்குக்குத் தசையில்லை, தோலில்லை. முழுவதும் அரபு எழுத்து. கலிமாவின் எழுத்துகளே காலாகவும் வாலாகவும் வளைந்து நிற்கின்றன. இறைவனின் சிங்கம் என்று பெயர்பெற்ற அலி (ரலி) அவர்களின் வீரத்தை எழுத்துடலில் ஏற்றிய அறிவு பெரிது. ஒரே மரபில் மூன்று விடைகள்: உடலாக நின்ற விலங்கு, இலையாகக் கரைந்த விலங்கு, எழுத்தாக மாறிய விலங்கு. இவற்றைப் பழைய சமயத்தின் மிச்சம் என்று ஒரே சொல்லில் தள்ளுவது ஒரு சமுதாயத்தின் நெடிய சிந்தனையைக் குப்பையில் போடுவதாகும். நமக்குத் தனிப்பட மாச்சான் அலியிடமே மனம் செல்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இகழும் உரைக்கு வேலையே இல்லையா எனில், உண்டு; அது வேறிடத்தில் இருக்கிறது. ஜாவா அரண்மனைகளில் முஹர்ரம் மாதத்தை ஒட்டிப் பழம்பொருள்களைக் கழுவும் வழக்கம் உண்டு. அரச வண்டிகளைக் கழுவிய நீரை அருள் வேண்டி ஏந்திச் செல்வோரும் உண்டு. கண்டிக்க வேண்டியது அந்த நம்பிக்கையை. மரம் தன்னைப் பற்றி எதையும் சொல்லிக்கொள்ளவில்லை. நீரை ஏந்தும் கைதான் சொல்கிறது. உளியைக் கண்டிக்கும் ஆர்வத்தில் அந்தக் கையைக் கவனியாது விடுவோர் மார்க்கத்துக்கும் முழுத்தொண்டு செய்தவர் ஆகார்.

மூலம்

இரு உரைகளையும் விலக்கிவிட்டு மூலத்துக்கு வருவோம். இது என்ன? இது ஒரு வண்டி. புகழ்வோரும் இகழ்வோரும் மறந்துபோன செய்தி இதுவே.

கோயில் வாகனம் தெய்வத்தைத் தாங்கும்; சிங்க பாரோங் தாங்கியது பசியும் நோயும் மரணமும் உடைய ஒரு மனிதரை. அதன் சக்கரங்கள் சேற்றுநீர் மேலே தெறியாதவாறு அமைக்கப்பட்டவை என்று அரண்மனையார் விளக்குவர். மழைக்காலத்துச் சாலையை நினைத்துச் செய்த வேலை அது. சிறகுகள் வண்டி ஓடும்போது அசையுமாறு பொருத்தப்பட்டவை. பறப்பதற்காக அல்ல, பாதையின் மேடுபள்ளம் குலுக்கக் குலுக்க அவை அசைந்தன. விண்ணுக்கு உரிய உறுப்பை மண்ணின் குலுக்கல் இயக்கியது.

இன்னும் ஒன்று. சிங்கத்தின் வீறும் யானையின் வலிமையும் நாகத்தின் சீற்றமும் பறவையின் விரைவும் ஒருங்கே கொண்ட இவ்விலங்கு ஓரடிகூடத் தானாக நகராது. அதனை இழுத்தவை நான்கு வெள்ளெருமைகள். கட்டுக்கதை விலங்கு முன்னே வாய் பிளந்து நிற்க, அதற்கும் முன்னே அன்றாடம் உழவனோடு சேற்றில் நிற்கும் இனத்து எருமைகள் அமைதியாக நடந்தன. தச்சர் இதனை ஓர் உபதேசமாகவே வைத்தார் என்று நாம் கூறவில்லை. ஆனால் கண்ணுள்ளவர்க்கு அதில் பாடம் இருக்கிறது. அரசின் பகட்டு எத்தனை உறுப்புகளைச் சூடிக்கொண்டாலும் அதனை நகர்த்துவது எளியவரின் தோள். அத்தோள் விலகிய நாளில் பகட்டு காட்சிப்பொருளாகும். வரலாறும் அவ்வாறே நடந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியர் கையால் சிரெபோன் சுல்தான்களின் ஆட்சி அதிகாரம் பறிபோயிற்று. விலங்கு இன்றும் வாய் பிளந்தே நிற்கிறது, அஞ்சுவார்தாம் இல்லை.

நம் தமிழிலும் இதே நூற்றாண்டில் ஆலிப் புலவரின் மிஃராசு மாலை எழுந்தது. 1590 அதன் ஆண்டென்பர். ஊர்தியை நாம் சொல்லில் கட்டினோம்; ஜாவானியர் மரத்தில் கட்டினர். சொல்லில் கட்டியது கறையானுக்குத் தப்பும்; ஆனால் படிப்பாரில்லையேல் அதுவும் காட்சிப்பொருளே.

இச்செய்தி நமக்கு எதற்கு என்று வாசகப் பெருமக்கள் கேட்கலாம். நம் ஊர்களிலும் முன்னோர் விட்டுச்சென்ற மரவேலைகள் உள்ளன. பழைய பள்ளிவாசல்களின் தூண்கள், வாயிற்கதவுகள், மிம்பர்கள், வீட்டு நிலைகள், வாசகம் செதுக்கிய பலகைகள் என்று பலவுண்டு. புதுக்கட்டடம் எழும்பும் நாளில் அவற்றுக்கும் இவ்விரு உரைகளே காத்திருக்கின்றன. ஒரு சாரார், 'பார், எல்லாச் சமயமும் இதில் கலந்திருக்கிறது' என்று மாலையிட்டு மேடையேற்றுவர். மறுசாரார், 'இந்தப் பூவேலை நமக்குரியதன்று' என்று விறகுக்கு விற்பர். இருவருமே அதன் அருகில் அமர்ந்து, இதனைச் செய்தவர் யார், எம்மரம், எதற்காக இவ்வளைவு, எங்கே பொருத்துவாய் என்று வினவுவதில்லை. புகழ்ச்சியிலும் ஒரு பொருள் அழியும்; இகழ்ச்சியிலும் அழியும். வினவுவோர் கையில்தான் அது பிழைக்கும்.

வினவிய பின்னர் மார்க்கத்தின் தீர்ப்பு இன்னதென்று தெளிந்தால் அதன்படி நடப்பதில் நமக்குத் தயக்கமில்லை. தீர்ப்புக்கு முன் வினா வரவேண்டும் என்பதே நாம் கேட்பது. சிறகு முளைத்த துணிக்குதிரை ஒன்றுக்கே அந்த வினாவின் கண்ணியம் கிடைத்ததன்றோ?

உண்மையை நன்கறிந்தவன் அல்லாஹ்வே.